பாஸ்போர்ட் வேறு, வயது வேறு

அந்த அம்மாள் பென்சிலின் பின்பக்கத்தால் என் பாஸ்போர்ட்டை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அது கழுத்துச் சங்கிலியில் ஆடி நின்றது.

"பதினாறு முடிந்திருக்க வேண்டும். பரீட்சை அன்றைக்கு இவளுக்குப் பதினைந்தரைகூட ஆகியிருக்காது" என்றார்.

சிட்னியில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பு ஒன்றுமில்லை. செப்டம்பர் மாதக் குளிர் இன்னும் விடவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடச் சீருடையில் நான். என் பக்கத்தில் அம்மா, நைலக்ஸ் சேலைக்கு மேல் அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன்.

அம்மா இரண்டு கைகளையும் கவுண்டர் மேல் வைத்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கொஞ்சமும் தயங்காமல், "இவளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. மாசி மாதமே முடிந்துவிட்டது" என்றாள்.

"ஆனால் பாஸ்போர்ட்டில்..."

"பாஸ்போர்ட் வேறு, வயது வேறு."

பின்னால் வரிசையில் பேச்சு நின்றது. எனக்கு அந்தத் தரையில் ஒரு பள்ளம் விழுந்தால் தேவலை என்று இருந்தது. கவுண்டர் அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டு, "அப்படியென்றால் இதில் எழுதியிருப்பது பொய் என்கிறீர்களா?" என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

'பொய்' என்பதற்கான ஆங்கில வார்த்தையை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "இல்லை, இல்லை. பாஸ்போர்ட் சரி. ரொம்பச் சரி" என்று சொல்லிக்கொண்டே அதைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பாதி நிரப்பிய என் பரீட்சை விண்ணப்பம் அந்தக் கவுண்டரிலேயே கிடந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் பனிக்கால இட்லி மாவைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, நார்த்மீட் வாசகி ஒருவர், "உங்கள் அம்மாவை இன்னும் கொஞ்சம் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். எழுதுகிறேன். ஆனால் மாவு விஷயம்போல இது லேசான விஷயமில்லை.

பின்வரிசையில் ஒரு சேலை

பள்ளியில் படிக்கிற பெண் பல்கலைக்கழகக் கவுண்டரில் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் மிஸஸ் பார்லோ.

சிட்னியின் மேற்குப் புறநகர் டூங்கபியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் பள்ளி. நான் ஐந்தாம் படிவம், அதாவது கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டு. மிஸஸ் பார்லோ கணக்கு எடுப்பார். ஸ்வெட்டரெல்லாம் சாக்குக்கட்டித் தூள். மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுவார். ஆண்டு தொடங்கிய மூன்றாவது வாரமே நான் புத்தகத்தை முடித்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டு, "நீ இங்கே உட்கார்ந்திருப்பது உனக்கும் வீண், எனக்கும் தொல்லை" என்றார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்போது ஓர் ஏற்பாடு இருந்தது. ஐந்தாம் படிவ மாணவர்களில் ஒன்றிரண்டு பேரை முதலாண்டுக் கணக்கு மாலை வகுப்பில் உட்கார விடுவார்கள். ஆண்டு முடிவில் பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து அதே பரீட்சையை எழுதலாம். பாஸானால், பின்னால் அங்கே சேரும்போது அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டுக் கணக்குக்கு நேராகப் போய்விடலாம்.

மிஸஸ் பார்லோ விரிவுரையாளருக்குக் கடிதம் எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்தார். அதில் ஒரு வரி: 'இந்தச் சிறுமிக்குப் பதினான்கு வயதுதான் ஆகிறது என்பதைக் கவனிக்கவும்.'

கவனித்தேன். திருத்தவில்லை. உண்மையில் எனக்குப் பதினாறு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனால் அந்தப் 'பதினான்கு' எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பில் எல்லாரையும்விட இரண்டு வயது சின்னவள், கணக்கில் எல்லாருக்கும் மேலே. இந்தப் பெயர் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

வீட்டில் அப்பாவுக்கு ஒரே பெருமை. அம்மா மட்டும், "பொம்பளப் பிள்ளை பொழுது சாஞ்சு தனியா ரயில்ல வர்றதா? நான் துணைக்கு வர்றேன்" என்றாள். அதற்குமேல் அதில் பேச்சில்லை.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பள்ளி விட்டதும் அம்மா டூங்கபி ஸ்டேஷனில் நிற்பாள். அப்போதெல்லாம் சிவப்பு ரயில்கள். கதவுகளை யாரும் சாத்துவதில்லை. ஓடுகிற ரயிலில் காற்று அள்ளிக்கொண்டு போகும். அம்மா ஒரு கையால் என் சீருடைப் பெல்ட்டைப் பிடித்திருப்பாள், மறு கையில் டிபன் டப்பா. பாரமட்டா தாண்டியதும் எலுமிச்சைச் சாதத்தைத் திறப்போம். ஸ்ட்ராத்ஃபீல்டு வருவதற்குள் முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் கூட்டம் ஏறிவிடும்.

வகுப்பில் இருநூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் பகலில் வேலை பார்த்துவிட்டு டையைத் தளர்த்திக்கொண்டு வருகிறவர்கள். நான் முன்வரிசை. அம்மா கடைசி வரிசையில், கப்பலில் வந்த இரண்டு மாதப் பழைய வாரப் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளையும் மாணவி என்று நினைத்து ஒருவர் போன வகுப்புக் குறிப்புக் கேட்டாராம். அம்மாவிடம் இருந்தது மிச்ச எலுமிச்சைச் சாதம்தான். அதைக் கொடுத்திருக்கிறாள். அவரும் சாப்பிட்டிருக்கிறார்.

பத்திரிகை சும்மா பேருக்குத்தான் என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒருநாள் ரயிலில் அம்மா சொன்னாள்: "அந்த வாத்தியார் போர்டுல தப்பாப் போட்டா, அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை இருமறார், பாத்தியா? இன்னைக்கு இருமினப்ப நீ எழுதிக்கிட்டே இருந்தே. அதை வீட்ல போய்ச் சரி பாரு." சரி பார்த்தேன். குறிப்பில் ஒரு கழித்தல் குறி விட்டுப் போயிருந்தது.

நான் பெரிய மேதையாக இருந்தேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். முதல் பயிற்சித் தாளில் எனக்குப் பாதி மார்க்குகூட வரவில்லை. பள்ளிக் கணக்கில் விடை வந்தால் போதும். இங்கே அந்த விடை ஏன் வரும் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். ரயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அம்மா ஸ்ட்ராத்ஃபீல்டு வரை என்னை அழ விட்டாள். பிறகு, "அழுது முடிச்சுட்டியா? எந்த இடத்துல விட்டேன்னு இப்ப சொல்லு" என்றாள். அவளுக்குப் புரியும்படி சொல்ல முயன்றதில் எனக்கே கொஞ்சம் புரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்கையும் மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை, குறிப்பைப் பார்க்காமல். ஆகஸ்டில் என் மார்க் பாதியைத் தாண்டியது. விடுவதாக இல்லை என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

செப்டம்பரில் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க அந்தக் கவுண்டருக்குப் போனோம். வகுப்பில் உட்கார யாரும் வயது கேட்கவில்லை. பரீட்சைக்குக் கேட்டார்கள்.

ஜூன் ஒன்றாம் தேதிக் குழந்தைகள்

அறுபது தாண்டிய தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை, தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் காலத்தில் பலருக்கும் இரண்டு வயது இருக்கும். ஒன்று சொந்த வயது, இன்னொன்று சர்டிபிகேட் வயது.

திருச்சியில் என் வகுப்பில் பாதிப் பேருடைய பிறந்தநாள் ஜூன் ஒன்று. பள்ளிக்கூடம் திறக்கிற நாள். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் தம்பி இருந்தார்கள். சர்டிபிகேட்படி இருவருக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம். அவர்களும் கூச்சப்படவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

நான் பிறந்தது ஓர் அணைக்கட்டு வேலை நடந்த இடத்தில், தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே இன்ஜினியர். சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை. பிறப்பைப் பதிந்துகொள்ள ஆபீஸும் இல்லை. அப்பா ஜாதக நோட்டில் நேரத்தைக் குறித்து வைத்தார். அவ்வளவுதான் பதிவு. அப்பா வழி உறவெல்லாம் என்னை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மூன்று வயது. ஆள் நோஞ்சான். அம்மா, "இப்பத்தான் ரெண்டு முடியப்போவுது" என்று சொன்னாள், எல்லாரும் நம்பினார்கள்.

பிறகு பள்ளியில் சேர்க்கும்போது அப்பா அணையில் இருந்தார். அம்மாதான் கூட்டிப் போனாள். தலைமை ஆசிரியர், "எப்பம்மா பொறந்தா?" என்று கேட்க, அம்மா ஒரு வருடத்துக்கும் மேலாகக் குறைத்துச் சொன்னாள். அவர் வழக்கம்போல ஜூன் ஒன்று என்று எழுதினார். பள்ளிப் பதிவிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு, பாஸ்போர்ட்டிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, அந்தத் தேதி கூடவே வந்துவிட்டது.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்பா இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்வார். "அஞ்சு வயசிலேயே கல்யாணத்துக்குக் கணக்குப் போட்டு வயசைக் குறைச்சுட்டா எம் பொண்டாட்டி." எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா உள்ளே போய்விடுவாள். பெண் என்றால் கல்யாணத்துக்குத்தானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்துப் பன்னிரண்டு வயதில் இதற்காக அம்மாவோடு பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் அப்பா பொய்க்கு விரோதி. டெலிபோன் வந்தால் 'வீட்டில் இல்லை' என்று சொல்லவிட மாட்டார். அவரே பாஸ்போர்ட் விண்ணப்பத்தில், 'மேற்கண்டவை உண்மை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். கேட்டால், "சர்டிபிகேட்ல இருக்கிறதைத்தானே எழுதினேன்" என்பார். சர்டிபிகேட் வயது அவர் கணக்கில் பொய்யில் சேராது.

மூட்டை கட்டும் பயம்

கவுண்டரிலிருந்து வந்த அன்று அப்பா நடந்ததைக் கேட்டார்.

"பாஸ்போர்ட் வேற, வயசு வேறன்னு சொன்னியா? அவங்ககிட்டயா?"

"உள்ளதைத்தானே சொன்னேன்" என்றாள் அம்மா.

"உள்ளதா? குடியேற்ற ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து, தப்பான தேதி குடுத்துத்தான் வந்தீங்களான்னு கேட்டா? மூட்டையைக் கட்டுன்னு சொன்னா எங்க போறது?"

இப்போது இதைக் கேட்டால் சிரிப்பு வரும். அப்போது வரவில்லை. எங்கள் நிறத்து ஆட்களுக்கு ஆஸ்திரேலியா கதவைத் திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நாங்கள் வந்து மூன்று வருடம் முடியவில்லை. பழுப்பு உறையில் எந்தக் கடிதம் வந்தாலும் அப்பா நின்றுகொண்டேதான் பிரிப்பார்.

"அடுத்த வருஷம் எழுதிக்கோ, வசு. ஒரு வருஷத்துல என்ன குடி முழுகிப் போகுது?"

"அடுத்த வருஷம் முடியாதுப்பா. இது அஞ்சாம் படிவத்துக்கு மட்டும்தான். இந்த வருஷம் இல்லன்னா அப்புறம் கிடையவே கிடையாது."

"அப்ப விட்டுடு."

"விட மாட்டேன். நான் எழுதுவேன்."

அப்பாவை எதிர்த்து நான் சொன்ன முதல் வாக்கியம் அது. பெயர் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை நான் வழக்கம்போல ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத முடியாத பரீட்சைக்குப் படிக்கப் போகிறாளே என்று யாராவது சொல்லட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று போனேன். அம்மா டிபன் டப்பாவோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் செல்வி அன்ரி வந்தார். இரண்டு தெரு தள்ளி இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூங்கபியில் அப்போது தமிழ் வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கதையைக் கேட்டுவிட்டு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உங்கட ஆக்களுக்குத்தான் இந்தக் கூத்து. எங்கட ஊரில பிள்ளை பிறந்த உடன பதிஞ்சு போடுவம். நாங்கள் நினைச்சாலும் வயசைக் குறைக்கேலாது" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அண்ணை, பயப்பிடாதேங்கோ. இஞ்ச இதுக்கெண்டே ஒரு பேப்பர் இருக்கு. நடந்ததை நடந்தபடி எழுதி, சத்தியம் எண்டு, அரசாங்கம் சாட்சிக்கு நியமிச்ச ஜே.பி. ஒருத்தருக்கு முன்னால கையெழுத்து வைக்கிறது. எங்கட மருந்துக் கடைக்காரர் ஜே.பி.தான்" என்றார்.

"பொய் சொன்னோம்னு நாமளே எழுதிக் குடுக்கிறதா?" என்றார் அப்பா.

"ஓம். பொய் சொன்னதை உண்மையா எழுதிக் குடுக்கிறது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கையெழுத்து நான் போடறேன். சொன்னது நான்தானே."

மருந்துக் கடையில் சத்தியம்

அப்பா ஒருவாறு இறங்கி வந்தார். ஜாதக நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தமிழ்த் தேதிக்கு ஆங்கிலத் தேதி கண்டுபிடித்தார். மாசி, கிழமை, நட்சத்திரம் மூன்றும் பொருந்துகிற ஒரே தேதியைப் பஞ்சாங்கத்தில் பிடித்து, அழகான கையெழுத்தில் எழுதினார். "பலன் எல்லாம் மொழிபெயர்க்க வேண்டாம். அதைப் படிச்சா அவங்களும் பயந்துடுவாங்க" என்றார். இரண்டு வாரத்தில் அவர் அடித்த ஒரே ஜோக்.

அடுத்த சனிக்கிழமை காலை மருந்துக் கடைக்குப் போனோம். அப்பா வெளியே காரிலேயே இருந்துவிட்டார். கடைக்காரர் வயதானவர், வெள்ளைக் கோட்டு. இருமல் மருந்துப் புட்டிகளைத் தள்ளி வைத்து இடம் பண்ணி ஒரு தாளை எடுத்துப் போட்டார். 'நான் மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்' என்று அதில் அச்சடித்திருந்தது.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

கடைக்காரர் அவள் காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சத்தியம் செய்யப்போகிறாள், அதனால்தான்" என்றேன். அவர் தலையசைத்து, கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

வாசகத்தை வீட்டிலிருந்தே நான் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். தாளில் அதைப் பிரதி எடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இதை உன் அம்மாவுக்கு உங்கள் மொழியில் சொல். என்ன என்று புரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது" என்றார்.

நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். 'என் மகள் பிறந்த தேதியைப் பள்ளியில் குறைத்துச் சொன்னேன். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு வயது குறைவாக இருப்பது நல்லது என்பதால் அப்படிச் சொன்னேன்.'

"நிறுத்து" என்றாள் அம்மா. "கல்யாணத்துக்குன்னு யார் சொன்னது?"

"அப்பாதானேம்மா எப்பவும்..."

"உங்கப்பா சொல்லுவார். நாலு பேர் சிரிக்கணும்ல." அவள் என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்குப் பதினாலு முடிஞ்ச அன்னைக்குப் படிப்பை நிறுத்தினாங்க. கணக்கு டீச்சர் வீடு தேடி வந்து கேட்டாங்க. வாசலோட திருப்பி அனுப்பிட்டாங்க. பதினாலாச்சு, பதினாலாச்சுன்னு எங்க வீட்ல எண்ணிக்கிட்டே இருந்தாங்க. உன்னையும் ஒருநாள் எண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். எண்ணட்டும். ஆனா எண்ண ஆரம்பிக்கிறப்ப ஒரு வருஷம் நம்ம கையில இருக்கட்டும்னு நெனச்சேன். ஒரு வருஷம் கூடப் படிப்பியேன்னுதான் குறைச்சுச் சொன்னேன்."

எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். என்னென்ன வார்த்தை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் பதில் சொன்னதில்லை. வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்கு அந்தக் கடையில்தான் எனக்குத் தெரிந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

ஆங்கிலத்தில் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், டீச்சர் வாசலோடு திரும்பிப் போனது உட்பட. அவர் என் கல்யாண வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். 'வயதை எண்ணி அவள் படிப்பை நிறுத்துவதற்குள் ஒரு வருடம் கூடுதலாகப் படிக்கட்டும் என்று அப்படிச் சொன்னேன்' என்று எழுதினேன்.

"இது உண்மையா?" என்று அவர் அம்மாவைக் கேட்டார்.

"உண்மை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக.

திரும்பிப் பார்த்தால் அப்பா வாசலில் நிற்கிறார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. உள்ளே வந்து, "எனக்கும் ஒரு தாள் கொடுங்கள்" என்றார். தேதி தவறு என்று தெரிந்தே பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது தான்தான் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கல்யாணக் கதையை அதற்கப்புறம் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாரையும்போல ஒருத்தி

பல்கலைக்கழகக் கவுண்டரில் அதே அம்மாள்தான் இருந்தார். இரண்டு தாள்களையும் படித்தார். ஜாதக நோட்டைப் புரட்டினார், மஞ்சள் தடவிய மூலையை விரலால் தொட்டுப் பார்த்தார். உள்ளே போய்க் கால்மணி நேரம் வரவில்லை. அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தபோது, போன தடவை நான் விட்டுப்போன விண்ணப்பம் அவர் கையில் இருந்தது. தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். "பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முத்திரை குத்தினார். அந்தத் திருத்தத்துக்கு ஒரு வருடம் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆனால் மூட்டை கட்டச் சொல்லி யாரும் வரவில்லை.

மிஸஸ் பார்லோவிடம் சொல்வதுதான் பாக்கி. அது கவுண்டரைவிடக் கஷ்டமாக இருந்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் சொன்னேன்.

"அப்படியானால் உனக்குப் பதினாறு" என்றார்.

"ஆமாம்."

"வகுப்பில் எல்லாருக்கும் பதினாறுதான்."

"ஆமாம்."

"என் கடிதத்தைப் படித்தபோது உனக்குத் தெரியும்."

"தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது."

அவர் கரும்பலகையை அழித்து முடித்தார். "சரி. இனி யாரும் உன்னை அதிசயப் பிராணியாகப் பார்க்க மாட்டார்கள். போய் உட்கார்ந்து படி" என்றார்.

வலித்தது. இரண்டு நாள் வலித்தது. ஆனால் அதற்கப்புறம் ஒரு தைரியம் வந்தது. அதிசயக் குழந்தை தோற்றால் ஊர் பார்க்கும். பதினாறு வயதுப் பெண் தட்டுத் தடுமாறிப் படித்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆறு வாரம், பழைய வினாத்தாள் ஒன்று விடாமல் போட்டேன். கை கட்டைவிரலில் மையின் கறை போகவேயில்லை.

நவம்பரில் பரீட்சை. நல்ல வெயில். மண்டப வாசலில் அம்மாவை நிறுத்திவிட்டார்கள், பரீட்சை எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். அந்த ஆண்டில் முதல் முறையாக அவள் இல்லாமல் உள்ளே போனேன். மூன்று மணி நேரம். ஏழு கேள்வி. ஒரு முடிவிலாத் தொடர் என்னைப் படாத பாடு படுத்தியது. விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

வெளியே வந்தபோது அம்மா மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் தொட்டியா?"

"ஏழுல ஆறு."

"ஏழாவதை வீட்ல போய்ப் போட்டுப் பாத்துரு" என்றாள்.

போட்டுப் பார்த்தேன். நான்கு நாள் பிடித்தது, ஆனால் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடிவு வந்தது. பாஸ். சிறப்புத் தேர்ச்சி எதுவுமில்லை, வெறும் பாஸ்தான். அப்பா அதை மூன்று தடவை வாசித்துக் காட்டினார். செல்வி அன்ரி கேக் கொண்டுவந்தார்.

ஜனவரியில் மதுரையிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, ஏர்மெயில் போட்டிருந்தார். பம்பாயில் ஒரு பையன், இன்ஜினியர், நல்ல குடும்பம். 'வசுவுக்குப் பதினாறு நடக்கிறதே. இந்த வருஷம் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த தை மாதம் கல்யாணத்தை முடித்துவிடலாம். உடனே பதில் போடு, தம்பி.'

எங்கள் வீட்டில் ஊருக்குக் கடிதம் எழுதுவது அப்பா. கடைசியில் மடிக்கிற ஓரத்தில் அம்மா நலம் விசாரித்து இரண்டு வரி சேர்ப்பாள். அன்று அப்பா பேனாவைத் திறந்து, தேதியை மட்டும் எழுதினார். பிறகு எழுந்து நாற்காலியை அம்மாவுக்கு விட்டார்.

அம்மா எழுதி முடித்ததும், தபாலில் போடச் சொல்லி ஒட்டாமலே என்னிடம் கொடுத்தாள். தெருமுனைப் பெட்டிக்குப் போகிற வழியில் நின்று படித்தேன்.

'அண்ணிக்கு நமஸ்காரம். வசுவுக்குப் பதினாறு அல்ல. மாசி வந்தால் பதினேழு முடிகிறது. நான்தான் இத்தனை வருஷமாகக் குறைத்துச் சொன்னேன். மன்னிக்கவும். இங்கே பல்கலைக்கழகத்துப் பரீட்சை ஒன்று எழுதிப் பாஸ் செய்துவிட்டாள். இன்னும் படிக்கப்போகிறாள். எத்தனை வருஷம் என்று தெரியாது. இனி அவள் வயதை யாரும் எண்ண வேண்டாம்.'